இருபத்திரண்டு நாள் கட்டுச்சோறு

மலையில் சிக்னல் கிடையாது. நோட்டில் கிறுக்கி வைத்ததை வீட்டுக்கு வந்தபின் தேதி வாரியாகத் தட்டச்சு செய்திருக்கிறேன். எல்லா நாளும் இல்லை. சில நாள் நடந்ததைத் தவிர ஒன்றுமே நடக்கவில்லை.

ஜூலை 13, சனி – சன்னிவேல், வீட்டுச் சமையலறை

அனுமதிச் சீட்டில் தொடங்கும் நாள் ஆகஸ்ட் 5 என்றுதான் இருக்கிறது. என்னைக் கேட்டால் பயணம் இன்றைக்கே, இரண்டு வெள்ளை பிளாஸ்டிக் வாளிகளோடு தொடங்கிவிட்டது.

போகப் போவது ஜான் மியூர் பாதை. கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஆரம்பித்து, சியரா நெவாடா மலைத்தொடரின் முதுகில் ஏறி இறங்கி, 4,421 மீட்டர் விட்னி சிகரத்தில் முடிகிற 340 கிலோமீட்டர். கடை என்று பார்த்தால் மூன்றாம் நாள் டுவாலமி மெடோஸில் ஒன்று, ஏழாம் நாள் ரெட்ஸ் மெடோவில் ஒன்று. அதற்கப்புறம் விட்னிக்கு அந்தப்பக்கம் இறங்கும்வரை பாதையை ஒரு சாலைகூடக் குறுக்கே வெட்டுவதில்லை. ஏறக்குறைய பாதி வழியில் மியூர் டிரெயில் ராஞ்ச் என்று ஒரு பண்ணை விடுதி இருக்கிறது. நம் சாப்பாட்டை ஐந்து காலன் வாளியில் அடைத்து மூன்று வாரம் முன்பே தபாலில் அனுப்பினால், ஏரி கடந்து கொண்டுவந்து பத்திரமாக வைத்திருப்பார்கள். வாளிக்கு நூறு டாலரை ஒட்டி ஆகிறது. அட்டைப்பெட்டி ஆகாது, எலி கடித்துவிடும்.

கூட வருவது மச்சினன். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். கால் அவனுடையது, கணக்கு என்னுடையது என்று ஒப்பந்தம்.

கணக்கு இதுதான்: தலைக்கு ஒரு நாளைக்கு 800 கிராம். அரிசி, மாவு, சர்க்கரை எல்லாம் கிராமுக்கு 4 கலோரிதான் தரும். நெய்யும் எண்ணெயும் 9. முந்திரி, வேர்க்கடலை, நெய் சேர்த்துச் சராசரியைக் கொஞ்சம் தூக்கினால் நாளுக்கு 3,400 வருகிறது. ராஞ்சிலிருந்து முடிவு வரை பத்து நாள். ஆளுக்கு 8 கிலோ, ஆளுக்கு ஒரு வாளி. இதை ஒரு விரிதாளில் நான்கு வண்ணத்தில் போட்டு வைத்திருந்தேன். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, “இதைச் சமைக்கவும் போறீங்களா, பார்த்துக்கிட்டே இருக்கப் போறீங்களா?” என்றாள்.

சாம்பார் சாதத்தைக் குழையவிட்டு, எண்ணெய் ஒரு சொட்டும் சேர்க்காமல், உலர்த்தும் பெட்டியில் பத்து மணி நேரம் காயவைத்தால் சரளைக்கல் மாதிரி ஆகிவிடும். மலையில் கொதிநீர் ஊற்றி மூடி வைத்தால் கால் மணி நேரத்தில் மறுபடியும் சாதம். எண்ணெய் சேர்த்தால் சரியாகக் காயாது, நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும்; அதனால் நெய்யைத் தனிப் புட்டியில் கொண்டுபோய் அங்கே விட்டுக்கொள்வது. தக்காளித் தொக்கை அப்பளம் போலப் பரப்பிக் காயவைத்து நொறுக்கிக்கொண்டோம். அவல், வறுத்த ரவை, சத்து மாவு, ரசப்பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல். பகலில் கொறிக்க கோவில்பட்டி கடலைமிட்டாய், எள்ளுருண்டை, பேரீச்சம்பழம், கடையில் விற்கும் சக்தி பார்கள்.

வெண்பொங்கல் மட்டும் மச்சினன் துறை. அரிசியும் பாசிப்பருப்பும் வறுத்து, மிளகு, சீரகம், முந்திரி, பெருங்காயம் போட்டு ஏழு பொட்டலம். மூன்று கையோடு, நான்கு வாளிக்குள். “தண்ணி கொதிச்சாப் போதும் அத்தான்” என்றான். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

எல்லாம் வாளிக்குள் சுகமாக அடங்கிற்று. மூடியைத் தட்டி, பட்டை நாடா ஒட்டி, பெயர் எழுதினேன். கடைசி நேரத்தில் மனைவி ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினாள். உப்பு நார்த்தங்காய், காய்ந்தது. “எடை 120 கிராம், கலோரி பூஜ்ஜியம்” என்றேன். பதில் பேசாமல் மூடியைத் திறந்து உள்ளே போட்டாள்.

ஆகஸ்ட் 5 – ஹேப்பி ஐல்ஸ்

முதுகில் 17 கிலோ. அதில் ஒரு கிலோவுக்கு மேல் வெறும் டப்பா. கரடி திறக்க முடியாத, ஊதாவும் நீலமும் கலந்த நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் உருளை. சாப்பாடு மட்டுமல்ல, வாசனை உள்ள எதுவாக இருந்தாலும் இரவில் இதற்குள்தான் போக வேண்டும்: பற்பசை, வெயில் களிம்பு, உதட்டுத் தைலம், குப்பை. டப்பாவைக் கூடாரத்தைவிட்டு நன்றாகத் தள்ளி வைத்துவிட்டுப் படுக்க வேண்டும்.

ஆகவே முதல் இரவிலேயே எல்லாமும் பெருங்காயம். பற்பசை ரசமாக மணந்தது. சாக்லேட் பார் சாம்பாராக மணந்தது. மச்சினன் உதட்டுத் தைலத்தைத் தடவிக்கொண்டு, “அத்தான், பசிக்குது” என்றான்.

ஆகஸ்ட் 7 – டுவாலமி மெடோஸ்

பசிக்கிறது என்று எழுதியது பொய். இரண்டு நாளாக இருவருக்கும் பசியே இல்லை. உயரம் ஏற ஏற முதலில் போவது பசிதான் என்று படித்திருந்தேன், நம்பவில்லை. விரிதாளில் 3,400 கலோரி, உண்மையில் பாதிகூட இறங்கவில்லை. கடலைமிட்டாயை வாயில் போட்டால் தொண்டையில் நிற்கிறது. சுமந்து வந்த சாப்பாட்டைச் சுமந்துகொண்டே இருக்கிறோம்.

கடையில் ஒன்றும் வாங்கவில்லை, ஒரு எலுமிச்சம்பழத்தைத் தவிர. வாசல் பெஞ்சில் ஒருவர் நூடுல்ஸ் பாக்கெட்டுகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஊசியால் குத்தி, கையால் நசுக்கிக் காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். தலையைத் தூக்காமலே, “எடையைச் சுமப்பது முதுகு, டப்பாவுக்குத் தெரிந்தது கன அளவு மட்டும்” என்றார். சரி, பெரியவர் ஏதோ சொல்கிறார் என்று வந்துவிட்டேன். எட்டு நாள் கழித்துப் புரியப் போகிற வாக்கியம்.

ஆகஸ்ட் 8 – லயல் பள்ளத்தாக்கின் மேல்முனை

பொங்கல் நாள். புல்வெளி, பக்கத்திலேயே ஆறு, கொசுவும் குறைவு. மச்சினன் சட்டை கையைச் சுருட்டிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தான்.

இருபது நிமிடம். பருப்பு பருப்பாகவே இருந்தது. தண்ணீர் விட்டான். முப்பத்தைந்து நிமிடம். அரிசி வெளியே கூழ், உள்ளே கல். இந்த உயரத்தில், கிட்டத்தட்ட 2,900 மீட்டரில், தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு எரித்தாலும் அதற்குமேல் சூடு ஏறாது, நீராவிதான் போகும். குக்கர் இருந்தால் இந்தப் பாடு இல்லை. ஐம்பதாவது நிமிடம் அடுப்பு இருமியது. 227 கிராம் எரிவாயு உருளையில் பெரும்பகுதியை ஒரு சட்டிப் பொங்கலுக்குக் கொடுத்திருந்தோம்.

“வெந்துருச்சா?” என்று கேட்டேன், வேண்டுமென்றே.

“மென்னா வெந்துரும் அத்தான்.”

மென்றோம். சிந்தவோ புதைக்கவோ இங்கே அனுமதி கிடையாது. மிச்சம் இருந்தால் சுமக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து வனக்காவலர் அம்மா ஒருவர் வந்தார். அனுமதிச் சீட்டு, அப்புறம் டப்பா. மூடியைத் திறந்து காட்டினேன். குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். மறுபடி குனிந்து, இந்த முறை நிதானமாக மூச்சை இழுத்து, “கரடிக்கு என்ன தோன்றுமோ எனக்குத் தெரியாது, எனக்கு இரவுச் சாப்பாடு ஞாபகம் வந்துவிட்டது” என்றார். சட்டியைப் பார்த்து அது என்ன என்று கேட்டார். மச்சினன் “சோதனை” என்றான்.

ஆகஸ்ட் 9 – ஆயிரம் தீவு ஏரி

டோனஹியூ கணவாய், 3,370 மீட்டர். யோசெமிட்டியின் எல்லை. ஏரியைப் பற்றி எல்லாரும் எழுதியிருக்கிறார்கள், படமும் இருக்கிறது. நான் எழுத வேண்டியது நெய்யைப் பற்றி. பகல் வெயிலில் உருகிப் புட்டியின் மூடி வழியாகக் கசிந்து, இரண்டு பையையும் தாண்டி, சத்து மாவில் இறங்கியிருந்தது. இரவுக் குளிரில் உறைந்தது. விடிகாலையில் கரண்டியால் உடைத்த கட்டியைக் கஞ்சியில் போட்டபோது, மாவும் நெய்யும் ஏற்கெனவே கலந்திருந்ததால் கிட்டத்தட்ட மாவுருண்டை. தெரியாமல் செய்ததில் உருப்படியானது அது ஒன்றுதான்.

ஆகஸ்ட் 11 – ரெட்ஸ் மெடோ

பசி வந்துவிட்டது. எங்கிருந்து, எப்போது என்று தெரியவில்லை. காலை ஒன்பது மணிக்கு டெவில்ஸ் போஸ்ட்பைல் பாறைத்தூண்களைத் தாண்டும்போது மச்சினன் எரிமலைப் பாறையைக் காட்டி, “மைசூர்பாகு அடுக்கின மாதிரி இல்ல?” என்றான். எனக்கும் அப்படியேதான் தெரிந்தது.

உணவகத்தில் ஆளுக்கு ஒரு பர்கர், பொரித்த உருளைக்கிழங்கு, மில்க்‌ஷேக், அப்புறம் இன்னொரு மில்க்‌ஷேக். டிப்ஸோடு சேர்த்து 70 டாலரைத் தாண்டியது. பக்கத்து மேசையில் ஓர் அப்பாவும் பதினான்கு வயது மகளும். அந்தப் பெண் தன் தட்டை முடித்துவிட்டு அப்பாவின் தட்டைப் பார்த்தாள். அவர் ஒன்றும் சொல்லாமல் நகர்த்திக் கொடுத்துவிட்டு, கடையில் போய் ஒரு ரொட்டி பாக்கெட்டோடு வந்தார். எல்லா ஊர் அப்பாவும் ஒன்றுதான் போல.

அடுத்த நான்கு நாளைக்கு இங்கே வாங்கினோம்: டார்டில்லா எனும் மெக்சிகோ ரொட்டி, வேர்க்கடலை வெண்ணெய், பாலாடைக்கட்டி, புது எரிவாயு. ஊரில் வாங்கும் விலையைவிட எல்லாமே கூடுதல்தான். ஆனால் மலைமேல் சுமந்து வந்து விற்கிறவனிடம் விலை பேசக் கூடாது என்பது திருப்பதி, பழனி ஏறுகிறவர்களுக்குப் புதிதல்ல. கையில் இருந்த இரண்டு பொங்கல் பொட்டலத்தையும் ஓசிப் பெட்டியில் போட்டோம். வேண்டாததை வைத்துவிட்டு வேண்டியதை எடுத்துக்கொள்ளும் பெட்டி. கடைக்குக் கடை ஒன்று இருக்கும்.

டார்டில்லாவில் நெய்யும் பருப்புப் பொடியும் தடவிச் சுருட்டித் தின்பது அன்றைக்கு இரவே கண்டுபிடிக்கப்பட்டது. இது என் விரிதாளில் இல்லை.

ஆகஸ்ட் 13 – சில்வர் கணவாய்க்குக் கீழே

மதியம் இரண்டு மணிக்கு இடி. அப்புறம் ஆலங்கட்டி, மொச்சைக்கொட்டை அளவில். ஒரு மணி நேரம் கூடாரத்துக்குள் குந்தியிருந்தோம். பேச்சு முழுக்கச் சாப்பாடு. மச்சினனுக்குப் பரோட்டாவும் சால்னாவும். எனக்கு, ஆச்சரியமாக, பழையதும் சின்ன வெங்காயமும். இனிப்பின் பெயரைச் சொன்னாலே இருவருக்கும் குமட்டியது. ஆளுக்கு முக்கால் கிலோ கடலைமிட்டாய் முன்னே வாளியில் காத்திருக்கிறது என்பதை நான் சொல்லவில்லை. அவன்தான் சொன்னான்.

வாளியை அடைத்தவன் ஒருவன், திறக்கப் போகிறவன் இன்னொருவன். ஜூலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அடைத்த அந்த ஆளின்மேல் எனக்குக் கோபமாக வந்தது.

ஆகஸ்ட் 15 – மியூர் டிரெயில் ராஞ்ச்

செல்டன் கணவாயிலிருந்து இறக்கம், இறக்கம், இறக்கம். ஆயிரம் மீட்டர் இறங்குவதற்குள் முழங்கால் மாவாகிவிட்டது.

எங்கள் வாளிகள் வந்திருந்தன. சொந்தக்காரரைப் பேருந்து நிலையத்தில் பார்த்த மாதிரி இருந்தது. நிழலில் மேசை போட்டு, தராசும் தொங்கவிட்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் அவரவர் வாளியைக் கவிழ்த்து அதன்முன் திகைத்து நின்றார்கள். கல்யாண வீட்டில் சீர் பிரிப்பதைப்போல ஒரு காட்சி.

இங்கேதான் அந்த நூடுல்ஸ் பெரியவர் சொன்னது விளங்கிற்று. வாளி 19 லிட்டர். கரடி டப்பா 11.5 லிட்டர். வாளிக்குள் சுகமாக அடங்கியது என்று ஜூலையில் எழுதினேன் அல்லவா? எடைக்கு நான்கு வண்ணம் போட்டவன் கொள்ளளவுக்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. அவலைப் பாருங்கள், எடையே இல்லை, இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஆறு நாள் சாப்பாட்டிலேயே டப்பா நிரம்பிவிட்டது. மிச்சம் நான்கு நாள் மேசைமேல்.

பிறகு நடந்தது ஒரு வதம். ஊசி கேட்டு வாங்கி எல்லாப் பாக்கெட்டையும் குத்தினோம். அவலைக் கல்லால் பொடித்து ரவையாக்கினோம். காராச்சேவையும் தூளாக்கினோம். டப்பாவில் ஒரு அடுக்கு போட்டு, முழங்கையால் அமுக்கி, அடுத்த அடுக்கு. எட்டு நாள் வந்தது. கடைசியில் மச்சினன் ஒரு நியாயம் சொன்னான்: “அத்தான், டப்பாவுல அடங்காததை வயித்துல அடக்குவோம்.” அன்று சாயங்காலம் முதல் மறுநாள் காலை வரை நான்கு வேளைச் சாப்பாட்டை உள்ளே தள்ளினோம். மறுநாள் பகலுக்கானதைத் தனியாகக் கையில் எடுத்துக்கொண்டோம், இருட்டுவதற்குள் தின்றுவிடுவது என்ற நிபந்தனையோடு.

இங்கே ஓசிப் பெட்டி ஒன்றல்ல, ஒரு வரிசையே. வகை வகையாக எழுதி ஒட்டிய வாளிகள். ஓட்ஸ் ஒரு வாளி வழிய வழியக் கிடந்தது, யாருக்கும் வேண்டாம். இனிப்பு பார்களும் அப்படியே. வந்தவர் எல்லாருக்கும் அதே நாக்குதான் போல. கடலைமிட்டாயில் பெரும்பகுதியை வைத்தேன். எங்களுக்கு முன்னாலேயே ஒரு ஜெர்மன் பையன் ஒன்றைக் கடித்துப் பார்த்து, நான்கை எடுத்துக்கொண்டான். அவன் அன்றுதான் நடக்க ஆரம்பித்திருந்தான்.

பொங்கல் நான்கையும் வைத்தோம். பொட்டலத்தின்மேல் மச்சினன் தமிழில் ‘பொங்கல்’ என்றும் ஆங்கிலத்தில் ‘வேகாது’ என்றும் எழுதினான், நேர்மைக்காக. அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா, ஒரிகானிலிருந்து தனியாக நடக்க வந்தவர், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இரண்டை எடுத்துக்கொண்டார். வேகாது என்று மறுபடியும் வாயால் சொன்னோம். சிரித்துவிட்டுப் போனார்.

நாங்கள் எடுத்தது உடனடி உருளைக்கிழங்கு மாவு, ஐந்து பாக்கெட். டப்பாவில் அதற்கு இடம் பண்ண, சத்து மாவில் பாதி போயிற்று.

எரிவாயுவைத் தபால் வாளியில் வைக்கக் கூடாது. அதை இங்கே விற்கிறார்கள், மறக்காமல் வாங்கினோம்.

ஆகஸ்ட் 18 – மியூர் கணவாய்

3,644 மீட்டர். மரம் இல்லை, புல் இல்லை, கல்லும் தண்ணீரும் மட்டும். உச்சியில் 1930இல் கட்டிய கல்குடிசை ஒன்று, தேன்கூட்டைக் கவிழ்த்த மாதிரி. உள்ளே ஒதுங்கிக் கிழங்கு மாவில் வெந்நீர் ஊற்றி, நெய், மிளகுப்பொடி, நொறுக்கிய தொக்கு போட்டுக் கிளறினேன். மூன்று நிமிடத்தில் உருளைக்கிழங்கு மசியல். மூன்றே நிமிடம்! வீட்டில் இதை மாவுப் பசை என்று தொட்டிருக்கமாட்டேன்.

நார்த்தங்காய்ப் பொட்டலத்தை இன்றுதான் பிரித்தோம். தலைக்கு அரைத் துண்டு. வாயில் ஒதுக்கிக்கொண்டு இறங்கினோம். ஒரு மணி நேரம் தாங்கிற்று. உப்பு, புளிப்பு, லேசான கசப்பு. பதின்மூன்று நாளாக நாக்கு எதைத் தேடிக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் அதற்கே தெரிந்தது. வியர்வையில் போன உப்பைத்தான் உடம்பு கேட்கிறது என்று மச்சினன் விளக்கினான். இருக்கலாம். பூஜ்ஜியம் கலோரி என்று சொன்னவன் வாயை மூடிக்கொண்டு சப்பினான்.

ஆகஸ்ட் 20 – மேதர் கணவாய்

கணவாய்க்கு ஏறும் வழிக்குத் தங்கப் படிக்கட்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். படிக்கட்டு சரி. இரவு உணவு கணக்குப்படி பாதி. எட்டு நாள் உணவை நீட்டுவதென்றால் ஒவ்வொரு நாளும் ஒரு கை குறைக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு மச்சினன் கூடாரத்துக்குள்ளிருந்து, “அத்தான், தூங்கிட்டீங்களா? காராச்சேவுத் தூள் எத்தனை கரண்டி இருக்கு?” என்றான். டப்பா ஐம்பது அடி தள்ளி இருளில் இருந்தது. இருவருமே எழுந்து போகவில்லை. ஒருவர்மேல் ஒருவர் சந்தேகம்தான் காரணம்.

ஆகஸ்ட் 22 – ரே ஏரிகள்

இங்கே இரும்பில் செய்த கரடிப் பெட்டிகள் தரையில் பதித்திருக்கின்றன. முதல்முறையாக டப்பாவை முழங்கையால் அமுக்காமல் மூட முடிந்தது.

ஒரிகான் அம்மா எங்களுக்கு முன்பே வந்து கூடாரம் போட்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைத் தூக்கி, “உங்கள் மஞ்சள் சோறு!” என்றார். முந்தாநாள் சாப்பிட்டாராம். பத்து நிமிடத்தில் வெந்ததாம். நாங்கள் நம்பவில்லை. பையின் பக்கவாட்டிலிருந்து ஒரு பழைய வேர்க்கடலை வெண்ணெய் ஜாடியை உருவிக் காட்டினார். காலையில் கிளம்பும்போது அரிசி பருப்பை ஜாடியில் போட்டுத் தண்ணீர் ஊற்றித் திருகி மூடிவிடுகிறார். அவர் நடக்கிறார், அது ஊறுகிறது. சாயங்காலம் அடுப்பில் வைத்தால் தீர்ந்தது. அவருக்கு எல்லாத் தானியமும் அப்படித்தான், எரிவாயு மிச்சம்.

ஊற வைப்பது.

நானும் மச்சினனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இட்லிக்கு ஊறப்போட்ட சத்தத்தில் தூங்கி, அரைக்கிற சத்தத்தில் விழித்து வளர்ந்தவர்கள் இருவர். என் மாமியார் கொண்டைக்கடலையை ஊறப்போட மறந்த நாளை ஒரு சாவு விழுந்த நாள்போலச் சொல்லுவார். அவர் பெற்ற பிள்ளை, பொங்கல் ஏழு பொட்டலம் கட்டியவன், தலையைச் சொறிந்துகொண்டு, “அம்மாகிட்ட சொல்லிராதீங்க அத்தான்” என்றான்.

அந்த அம்மா இரண்டாவது பொட்டலத்தை எங்களிடமே திருப்பிக் கொடுத்தார். வேண்டாம் என்றோம். தன்னிடம் கூடுதலாகவே இருக்கிறது, உங்கள் கன்னம் உள்ளே போயிருக்கிறது என்றார். கூட ஜாடியையும் கொடுக்க வந்தார். அதை வாங்கவில்லை, ஒரு தண்ணீர்ப் புட்டி போதும். பதிலுக்கு என்ன கொடுப்பது? நார்த்தங்காயில் ஒரு முழுத் துண்டு கொடுத்தேன். வாயில் போட்டார். கண்ணை இறுக மூடினார். துப்பவில்லை. “இது உணவா, மருந்தா?” என்று கேட்டார். இரண்டுக்கும் நடுவில் என்றேன்.

ஆகஸ்ட் 24 – ஃபாரஸ்டர் கணவாய்

4,009 மீட்டர். மெக்சிகோவிலிருந்து கனடா வரை போகிற பசிபிக் முகடுப் பாதை முழுவதிலும் இதுதான் உச்சம் என்கிறார்கள். எங்கள் பாதையும் அதுவும் இங்கே ஒன்றாகத்தான் போகின்றன. காற்று ஆளைத் தள்ளியது. நான் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் மச்சினன் முதுகில், புட்டிக்குள் காலை ஆறு மணி முதல் ஊறிக்கொண்டிருந்த பொங்கலைத்தான்.

இறங்கி, காற்று படாத ஒரு பாறைக்குப் பின்னால் அடுப்பு. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு நிமிடம். பருப்பு மசிந்து, அரிசி குழைந்து, மிளகு மேலே வந்து மிதந்தது. கடைசி நெய்க்கட்டியைப் போட்டான். சாப்பிட்டோம். சட்டியை விரலால் வழித்து, தண்ணீர் ஊற்றிக் கலக்கி அதையும் குடித்தோம். அதைப் பற்றி இதற்குமேல் எழுதத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 25 – கிட்டார் ஏரி

விட்னிப் பகுதியில் மலத்தையும் பையில் கட்டிச் சுமந்து கீழே கொண்டுவர வேண்டும் என்பது விதி. அதற்கென்று ஒரு பை தருகிறார்கள். உணவுக் கணக்குப் போட்டபோது இந்த வரவை நான் சேர்க்கவில்லை. சுமை மறுபடி கூடியது.

மிச்சம்: அவல் தூள் இரண்டு கை, ரசப்பொடி, சக்தி பார் நான்கு. நார்த்தங்காய் கால் துண்டு, அதை உச்சிக்கு என்று எடுத்து வைத்தோம்.

ஆகஸ்ட் 26 – விட்னி, லோன் பைன்

இரண்டு மணிக்கு எழுந்து, நெற்றி விளக்கோடு ஏறி, சூரியன் வரும்போது உச்சியில் இருந்தோம். விரல் மரத்துப்போனதால் நார்த்தங்காய் கைதவறிப் பாறை இடுக்கில் விழுந்துவிட்டது. மச்சினன் குப்புறப் படுத்துக் கைவிட்டு எடுத்தான். ஊதிவிட்டுச் சாப்பிட்டோம்.

அப்புறம் விட்னி போர்ட்டலுக்கு 17 கிலோமீட்டர் இறக்கம். அங்கிருந்து லோன் பைன் ஊருக்கு ஒரு மீன்பிடிக்காரர் தன் லாரியின் பின்பக்கத்தில் ஏற்றிக்கொண்டார். உள்ளே ஏன் உட்காரச் சொல்லவில்லை என்று எங்களுக்குத் தெரியும். இருபத்திரண்டு நாள் வாடை. கீழே இறங்க இறங்க வெயில் அடுப்பு மாதிரி அடித்தது.

ஊரில் பீட்சா, பர்கர் எல்லாம் இருந்தது. மூன்று வாரம் அதைப் பற்றியே பேசினோம். இரண்டு கடையின் வாசலில் நின்று பட்டியலைப் படித்துவிட்டு இருவருமே நகர்ந்துவிட்டோம். மளிகைக் கடையில் ஒரு பெரிய டப்பா வெறும் தயிர் வாங்கினோம். ஓர் உணவகத்தில் வெறும் சோறு மட்டும் கிடைக்குமா என்று கேட்டோம், அந்தப் பெண் இரண்டு பெட்டி நிறைய வைத்து ஆறு டாலர் வாங்கிக்கொண்டு, “கறி ஏதும்?” என்றாள். வேண்டாம் என்றதும் பரிதாபமாகப் பார்த்து, பணம் வாங்காமல் ஒரு வெள்ளரிக்காயை நறுக்கிப் போட்டுக் கொடுத்தாள்.

விடுதியின் வண்டி நிறுத்துமிடத்தில், நடைமேடை விளிம்பில் உட்கார்ந்து, மலையில் சுமந்த அதே சட்டியில் சோற்றைக் கொட்டிப் பிசைந்தேன். உப்பு போடும்போது கை நடுங்கிற்று. எதிரே, இன்று காலை நின்ற சிகரம், பல் வரிசை மாதிரி. பையை உதறியபோது அடியிலிருந்து ஒரு மோர்மிளகாய் விழுந்தது. யார் எப்போது போட்டது என்று இருவருக்குமே தெரியவில்லை.

“பாதிப் பாதி” என்றேன்.

“எண்ணெய்?” என்றான்.

நெய்ப் புட்டியைக் கவிழ்த்து, வெயிலில் உருகிய கடைசிச் சொட்டுகளை மூடியில் பிடித்து, அடுப்பைப் பற்றவைத்தான். இரண்டு அறை தள்ளி ஒருவர் கதவைத் திறந்து வெளியே வந்து, தும்மிவிட்டு, உள்ளே போனார்.

“அக்காவுக்குப் போன் பண்ணுங்க அத்தான்” என்றான் மச்சினன், வாய் நிறைய வைத்துக்கொண்டு. “நார்த்தங்காய் இன்னும் வீட்ல இருக்கான்னு கேளுங்க.”